ஓபிடி ஸ்கேனர்: மைலேஜ் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க உதவுமா?

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு பக்கம் 16 பின். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், ஓபிடி போர்ட் என்று ஒன்று இருக்கும். அதில் இதைச் செருகி, புளூடூத்தில் போனோடு இணைத்து, ஒரு ஆப் போட்டுக்கொண்டால் காரின் கம்ப்யூட்டர் என்னென்ன அளவுகளைப் பார்த்து வண்டியை ஓட்டுகிறதோ அவற்றை நாமும் பார்க்கலாம். ஆன்லைனில் ஈஎல்எம் 327 என்று தேடினால் ரூ. 300இலிருந்து வரிசையாக வரும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் தயாரான பெட்ரோல் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் வேலை செய்யும்.

நான் வாங்கியதற்கு ஒரே காரணம், மைலேஜ். 2016 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், சின்ன கார். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர், விசேஷம் என்றால் கும்பகோணம், அவ்வளவுதான் அதன் ஓட்டம். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 14ஐத் தொட மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "எல்லாம் ஈ20 பெட்ரோல் மாப்ள, எல்லா வண்டியும் அப்படித்தான்."

ஈ20 காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதை 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, பழைய வகை கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று போட்டிருக்கிறார்கள். 17இல் 7 சதவீதம் என்றால் 1.2 கிலோமீட்டர். எனக்குக் குறைந்ததோ மூன்றுக்கு மேல். மீதி எங்கே போனது என்ற கேள்விக்கு ஊரில் யாரிடமும் பதில் இல்லை, ஒரு சர்வீஸ் சென்டரில் மட்டும் உடனே பதில் இருந்தது. த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் கார்பன் எடுப்பது, எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஐயா, முதலில் என்ன கோளாறு என்று சொல்லுங்கள் என்றால், செக் இன்ஜின் விளக்கு எரியவில்லையே, கோளாறு ஒன்றும் இல்லை, கிளீன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் கவுன்டரில் இருந்தவர். கோளாறு இல்லையென்றால் எதற்குக் கிளீன் செய்ய வேண்டும்?

அங்கிருந்து திரும்பி வந்துதான் கருவியை ஆர்டர் போட்டேன்.

அது வருவதற்குள், காசு செலவில்லாமல் பார்க்க முடிந்ததைப் பார்த்தேன். டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருந்தது, சரிசெய்தேன். ஆனால் டயர் காற்றுக்கு நாம் கொடுக்கும் பழி கொஞ்சம் அதிகம். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம்தான் மைலேஜ் போகும், அதாவது நாலு டயரிலும் பத்துப் பத்துக் குறைந்திருந்தாலும் இரண்டு சதவீதம். ஏர் ஃபில்டரும் அப்படித்தான். சம்பா அறுப்பு நேரத்தில் நம் பக்கத்துச் சாலைகளில் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், ஒரு கை தூசும் வைக்கோல் தும்பும் கொட்டும். பார்த்ததும் இதுதான் காரணம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதையே சோதித்துப் பார்த்தது. இன்ஜெக்‌ஷன் உள்ள புது வகை கார்களில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பிக்கப்தான் குறைகிறது, மைலேஜில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. உள்ளே வரும் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும், அவ்வளவுதான். ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் வரும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜினுக்குள் தூசு போகக் கூடாது என்பதற்காக மாற்றுங்கள், அது வேறு.

சரி, கருவிக்கு வருகிறேன். முதலில் வந்தது விலை மலிவான ஒன்று, பெயரில்லாத பிராண்ட். புளூடூத்தில் இணைந்தது, ஆப்பில் "கார் இசியு (காரின் கம்ப்யூட்டர்) இணைக்கப்படவில்லை" என்றே நின்றது. அட்டைப்பெட்டியில் வெர்ஷன் 1.5 என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். பிறகு தேடிப் பார்த்தால், அந்தச் சிப்பை முதலில் செய்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1.5 என்று ஒரு வெர்ஷனை வெளியிட்டதே கிடையாதாம்! சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலானவை நகல்தான், அதில் நல்ல நகலும் உண்டு மோசமான நகலும் உண்டு. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று வாங்கினேன். இது சாவியை ஆன் செய்த சில நொடிகளில் இணைந்துவிடுகிறது, அளவுகளும் தடங்கலில்லாமல் ஓடுகின்றன. ஆப்புக்கு கார் ஸ்கேனர் போட்டுக்கொண்டேன். இலவசமாகக் கிடைப்பதே நமக்குப் போதும்.

முதல் வேலையாக எரர் கோடு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. இதோடு சிலர் மூடி வைத்துவிடுவார்கள், கருவி வேஸ்ட் என்று ஒரு ஸ்டார் கொடுத்துவிடுவார்கள். இதன் உண்மையான பயன் கோடு படிப்பதில் இல்லை, வண்டி ஓடும்போது வரும் லைவ் டேட்டாவில் இருக்கிறது. அதிலும் நூறு அளவுகள் வரும், மைலேஜுக்கு இரண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) வெப்பம், ஃபியூல் ட்ரிம்.

ட்ரிம் என்பது, தொழிற்சாலையில் எழுதி வைத்த அளவிலிருந்து கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கணக்கு. ஷார்ட் டெர்ம் துள்ளிக்கொண்டே இருக்கும், அதை விட்டுவிடுங்கள். லாங் டெர்ம் ஐந்துக்குள் இருந்தால் நிம்மதி, பத்தைத் தாண்டினால் விஷயம் இருக்கிறது. எனக்குக் கூட்டலில் ஆறு ஏழு என்று நின்றது, ஐடிலில் நின்றாலும் அதேதான், எழுபதில் போனாலும் அதேதான். ஐடிலில் மட்டும் அதிகமாகி, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் குறைந்தால் எங்கேயோ வாக்குவம் பைப் லீக் என்று அர்த்தம். வேகம் கூடக் கூட ஏறினால் பெட்ரோல் பம்ப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். இரண்டும் இல்லாமல் எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கூட்டலில் இருந்தால் பெரும்பாலும் பெட்ரோலேதான் காரணம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும், 20 சதவீதம் கலந்ததற்கு 13.5 அளவில் வரும். ஆகவே அதே காற்றுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கிறது, அதைத்தான் இந்த ஆறு ஏழு காட்டுகிறது. ஊரார் சொன்ன ஈ20 கதை எவ்வளவு தூரம் உண்மை என்பதை இப்படித் திரையிலேயே பார்க்க முடிந்தது, எனக்கு அதுவே ஒரு திருப்தி.

கூலன்டில்தான் அகப்பட்டது. வடுவூர் ஏரியை ஒட்டிப் போகும் சாலையில், காலை நேரம், எழுபது கிலோமீட்டர் வேகம், போனில் கூலன்ட் 66. கொஞ்சம் தள்ளிப் போனதும் 64. சூடான இன்ஜின் என்றால் 85க்கு மேல், 95க்குள், அசையாமல் நிற்க வேண்டும். வண்டி ஓட ஓட இறங்குகிறது என்றால் என்ன அர்த்தம்? இன்னொரு நாள் நீடாமங்கலம் வழியாகப் போனேன், கேட் போட்டிருந்தது. ஏசியை அணைத்துவிட்டு இன்ஜினை மட்டும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், 70, 75, 80, 84 என்று ஏறியது. ரயில் போய் கேட் திறந்து வண்டி நகர்ந்து வேகம் எடுத்ததும் மறுபடியும் அறுபதுகளுக்கு இறங்கிவிட்டது. நிற்கும்போது ஏறி, காற்றுப் பட்டதும் இறங்கினால் தெர்மோஸ்டாட் வால்வு (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) மூடவே இல்லை என்று பொருள். தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, இன்ஜின் சூடாகவே மாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டரோ இன்னும் காலையில் இப்போதுதான் ஸ்டார்ட் ஆன வண்டி என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைத் தாராளமாக ஊற்றுகிறது. போதாததற்கு ஆயிலும் கெட்டியாகவே இருப்பதால் இன்ஜின் சுற்றுவதற்கே கூடுதல் வேலை.

இதை டாஷ்போர்டில் கண்டுபிடிக்கவே முடியாது. இந்தச் சின்ன கார்கள் பலவற்றில் வெப்ப மானியே கிடையாது, ஆறியிருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றும் இல்லை. என் காரில் திரையில் அறுபதுகூட வராதபோதே நீல விளக்கு அணைந்துவிடுகிறது. பி0128 என்று இதற்கென்றே ஒரு கோடு உண்டு, எல்லா வண்டியிலும் அது வந்துவிடும் என்று நம்ப முடியாது, என்னுடையதில் வரவில்லை. கருவி இல்லாமலும் ஒரு சோதனை இருக்கிறது, ஹீட்டரைப் போட்டுப் பார்ப்பது. இன்ஜின் சரியாகச் சூடாகாவிட்டால் ஹீட்டரில் சூடான காற்று வராது. நம்மூரில் அந்தச் சுவிட்சை யார் தொட்டிருக்கிறார்கள்?

அப்புறம் எங்கள் பக்கத்துப் பட்டறை அண்ணனிடம் எடுத்துப் போனேன். போனில் பதிவான கிராஃபைக் காட்டியதும் ஒரு நிமிடம் பார்த்தார், "இதுல வால்வே இருக்காது தம்பி, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு போல்ட்டைக் கழற்றினார். மூடியைத் தூக்கினால் உள்ளே ரப்பர் வளையம் மட்டும்தான் இருந்தது, வால்வு இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டை. போன அறுப்பின்போது ஒருநாள் வண்டி கொதித்து வழியில் நின்றுபோய், கிட்டே இருந்த ஒரு பட்டறையில் விட்டேன். சாலையில் காயப்போட்ட வைக்கோல், அறுவடை மிஷின் கிளப்பிய தூசு, கருக்காய், எல்லாம் சேர்ந்து ரேடியேட்டரை முன்பக்கம் முழுக்க அடைத்திருந்தது. அதைத் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்தார்கள், நல்லது. கூடவே ஒரு வார்த்தை சொல்லாமல் வால்வையும் கழற்றி எறிந்திருக்கிறார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கும்பாங்க, பாதிப் பேரு இப்படித்தான் பண்றான்" என்றார் அண்ணன். வெயில் 38 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு வேண்டியது 90, அந்த இடைவெளியை நிரப்பும் செலவு நம் டேங்கிலிருந்துதான் போகிறது.

புது வால்வு வாங்கி வந்தோம், தகட்டிலேயே 82 என்று அச்சடித்திருக்கிறது, அந்த டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும் என்று அர்த்தம். மாட்டுவதற்கு முன் அண்ணன் பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு சட்டியில் கொதிக்கும் தண்ணீர் வாங்கி வந்து வால்வை அதில் போட்டார். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு நடுவில் உள்ள தட்டு மெதுவாக நகர்ந்து ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டது. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து தள்ளுகிறதாம். வெளியே எடுத்து வைத்ததும் மூடிக்கொண்டது. புதுசிலும் மூடாத வால்வு வருவதுண்டு, அதனால் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன் என்றார். வால்வு, புதுக் கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து சர்வீஸ் சென்டர் பேக்கேஜில் மூன்றில் ஒரு பங்கு ஆகவில்லை.

இப்போது அதே வடுவூர் சாலையில் கூலன்ட் 88, 89, 90, அதற்குள்ளேயே நிற்கிறது. மைலேஜ் 16க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. பழைய 17 வரவில்லை, வராது என்றும் தெரிகிறது, ட்ரிம் இன்னமும் அதே ஆறு ஏழில்தான் இருக்கிறது.

மைலேஜ் பார்க்கும் முறை பற்றி ஒரு விஷயம். ஆப் காட்டும் மைலேஜை அப்படியே நம்ப வேண்டாம். பல கார்களில் அது மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அளவிலிருந்து குத்துமதிப்பாகப் போடும் கணக்கு, அதிலும் எல்லாப் பெட்ரோலையும் 14.7 என்று வைத்துக்கொண்டு போடுகிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். உண்மைக் கணக்கு டேங்க் ஃபுல் முறைதான். ஒரே பங்க், ஒரே பம்ப், நாஸில் தானாக கட் ஆனதும் நிறுத்த வேண்டும். "ரவுண்டா போட்டுரட்டுமாண்ணே" என்று பையன் கேட்பான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த ரவுண்டில்தான் கணக்கு கெடும். இந்தச் சோதனைக்கு நம் டெல்டா மாதிரி ஊர் கிடையாது. ஆற்றுப் பாலம் ஏறி இறங்குவதைத் தவிர மேடே இல்லை, போன கணக்கும் வந்த கணக்கும் ஒத்துப்போகும். ஆடி மாதம் மட்டும் விதிவிலக்கு: மேற்கே தஞ்சாவூர் பக்கம் போகும்போது காற்று எதிரே நின்று தள்ளும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். போய்த் திரும்பிய பிறகு மொத்தமாகக் கணக்குப் போடுங்கள்.

கருவிக்குத் தெரியாத விஷயங்களும் நிறைய இருக்கின்றன. திருவாரூரில் இருக்கும் மச்சான் காருக்கும் மைலேஜ் குறைந்தது என்று என் கருவியை வாங்கிப் போய்ப் போட்டுப் பார்த்தார். கூலன்ட் 90, ட்ரிம் இரண்டு, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஒழுங்காகத் துள்ளுகிறது. "உன் மிஷின் ஒண்ணும் கண்டுபுடிக்கல மாப்ள" என்று போன் வந்தது. அதுவும் ஒரு பதில்தானே, இன்ஜின் மேல் குற்றம் இல்லை என்றால் வெளியே தேட வேண்டும். கொஞ்ச தூரம் பிரேக்கே அதிகம் போடாமல் ஓட்டிவிட்டு இறங்கி நாலு சக்கரத்துக்கிட்டேயும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் மாமா என்றேன், தொட்டுவிடாமல். முன் இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. மழைக்காலத் தண்ணீரில் ஓடி ஓடி பிரேக் கேலிப்பர் பின் துருப்பிடித்து இறுகி, பிரேக் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னைத் தேய்த்து கிரீஸ் போட்டதோடு முடிந்தது. பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதைச் சொல்ல நம் வண்டிகளில் சென்சார் கிடையாது, அதை எந்த ஸ்கேனரும் காட்டாது.

குறைகள்: போர்ட்டில் 16ஆவது பின் நேரே பேட்டரியோடு இணைந்தது, வண்டியை அணைத்தாலும் கரண்ட் வரும். கருவியைச் செருகியபடியே விட்டுவிட்டு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது பேட்டரி இறங்கியிருக்கலாம், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள் அல்லது ஆப்பில் பதிவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பாருங்கள். "கிளியர் கோடு" பட்டனை ஆர்வத்தில் அமுக்கிவிட வேண்டாம், கம்ப்யூட்டர் இதுவரை கற்று வைத்த ட்ரிம் கணக்கும் அதோடு அழிந்துவிடலாம், பிறகு மெக்கானிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. டீசல் வைத்திருப்பவர்களுக்கு இது இவ்வளவு பயன்படாது, நான் சொன்ன ட்ரிம் கணக்கு அங்கே இல்லை. கூலன்ட் வெப்பம் பார்க்க மட்டும் உதவும்.

இதே தேடலில், பார்க்க இதே மாதிரி இருக்கும் இன்னொரு பொருளும் வரும், "ஃபியூல் சேவர்" என்று, செருகினாலே மைலேஜ் கூடும் என்பார்கள். காசைக் கரியாக்காதீர்கள். பிரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே மினுக்கும் விளக்கைத் தவிர உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை.

வாங்குவதானால், ஐஃபோன்காரர்கள் சாதாரண புளூடூத் கருவி வாங்காதீர்கள், இணையாது. வைஃபை உள்ளதோ புளூடூத் 4.0 என்று போட்டதோ பார்த்து வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பார்சல் வந்த அன்றைக்கே காரில் செருகி, கூலன்ட், ட்ரிம் இரண்டும் திரையில் வருகிறதா, நொடிக்கு நொடி மாறுகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள், அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருந்தால் பிக்கப்புக்கு வரும் பையன் தகராறு செய்யமாட்டான்.